கரண்ட் வயலின்

நேசமலருக்குக் காலை ஆட்டாமல் இருக்கத் தெரியாது. கதிரையில் உட்கார்ந்த மறுகணமே வலது முழங்கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கிவிடும். கோயிலில் முழந்தாளிட்டு நிற்கும்போது மட்டும் அது அடங்கியிருக்கும். பக்தியால் அல்ல, ஆட இடமில்லாததால். குருநகரில் அவளுடைய தாய் யோசப்பின், காலை நிறுத்தாவிட்டால் கயிற்றால் கட்டிப்போடுவேன் என்று மகளுக்கு இருபத்தெட்டு வயதாகும்வரை சொல்லிச் சொல்லிச் சலித்தாள். கடைசியில் நாட்டு நிலைமை அந்தக் காலையும் மகளையும் சேர்த்து ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது.

எண்பத்தைந்தாம் ஆண்டின் தொடக்கம் அது. கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, கைரேகை கொடுத்து, வரிசைகளில் நின்று, கடைசியில் கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பட்டினத்துக்குப் பிரித்து அனுப்பப்பட்டாள். அங்கே பழைய பள்ளிக்கூடம் ஒன்றை மறித்து மறித்து அறைகளாக்கி அகதிகளை வைத்திருந்தார்கள். அதற்கு ஹைம் என்று பெயர். ஜெர்மன் மொழியில் அதற்கு வீடு என்றும் ஒரு பொருள் உண்டாம். பெயர் வைத்தவர் அதற்குள் ஒரு நாள் படுத்துப் பார்த்திருக்கமாட்டார்.

வேலை செய்யக்கூடாது. அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. வழக்கு முடியும்வரை இருங்கள் என்றார்கள். அப்படி இருக்கச் சொல்லப்பட்ட அத்தனை பேரிலும் இருக்கத் தெரியாதவள் நேசமலர்தான். சமைத்த சட்டியை மறுபடி கழுவினாள். கழுவிய படிகளில் இறங்கி ஏறினாள். ஜன்னலோரம் போய் நின்று, பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்பி, மறுபடியும் போய் நின்றாள்.

இந்த அந்தரத்துக்கும் பதைப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. யோசப்பினுக்கு இழுப்பு வியாதி. மாரி வந்தால் நெஞ்சு அடைத்து, இரவெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருப்பாள். வேறு பிள்ளைகள் இல்லை. அந்த மூச்சு ஒருநாள் நின்றுபோனால் நேசமலர் போக முடியாது. போனால் வழக்குப் போய்விடும், உயிருக்கும் உத்தரவாதமில்லை. அம்மா சாகும்போது நான் அங்கே நிற்கமாட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கால் இன்னும் வேகமாக ஆடியது. ஹைமின் நடைவழியில் ஒரு தொலைபேசி இருந்தது. அது அடித்தால் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற எல்லாரும் கையிலிருந்ததை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். வேறு யாருடையதாவது பெயர் கூப்பிடப்பட்டால் நேசமலருக்கு மூச்சு வரும்.

யாழ்ப்பாணத்தில் அவளுடைய காலை அடக்கிய ஒரே சாமான் செல்லோ. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் வயலின் வாசிக்கப் பல பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பெரிய வயலினைக் கட்டிப்பிடிக்கக் கைநீளம் உள்ளவள் நேசமலர் ஒருத்திதான். அவளை விட்டால் அதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதே அவளுடைய முதல் தகுதி. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வில்லை எடுத்தால் கால் ஆடாது, ஆட முடியாது. யோசப்பின் முதன்முதல் கோயிலில் மகள் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, குமர்ப்பிள்ளை காலை அகட்டி வைத்துக்கொண்டு வாசிக்கிற சாமானும் ஒரு சாமானா என்று மடத்துக்கே போய்ச் சண்டை பிடித்தாள். சண்டை முடிந்து வீட்டுக்கு வந்து, பழைய திரைச்சீலையை வெட்டிச் சுருக்கு வைத்து, கணுக்கால்வரை மூடும் அகலப் பாவாடை ஒன்று தைத்துக் கொடுத்தாள். அவளுடைய சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

அந்தப் பாவாடை ஜெர்மனிக்கு வந்திருந்தது. செல்லோ வரவில்லை.

பட்டினத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பெருநாட்களில் ஒரு சிறு வாத்தியக் குழு வாசிக்கும். அதில் செல்லோ வாசித்தவர் லிண்ட்னர் என்ற ஒரு நரைத்த மீசைக்காரர். தளபாடத் தச்சர்; வானொலிப்பெட்டி திருத்துவதும் அவருக்குப் பொழுதுபோக்கு. செல்லோ வாசிப்பு அவருக்கு வராது, ஆனால் விருப்பம் அதிகம். நேசமலர் ஒரு ஞாயிறு அவருடைய வில்லையே பார்த்துக்கொண்டு நின்றதில் நற்கருணை எடுக்க மறந்துபோனாள். பூசை முடிந்ததும் நேரே போய், வராத ஜெர்மனில், கையால் இழுத்துக் காட்டி, தான் வாசிப்பவள் என்று சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு வில்லைக் கொடுத்தார். அவள் வாசிக்கத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நல்ல செல்லோவை அவர் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் ஹைமில் வைத்திருக்க முடியாது. நிலக்கரி அடுப்பின் சூட்டில் பெட்டி வெடித்துவிடும், சத்தம் கேட்டால் ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டிடத்துக்குப் பொறுப்பானவர், மேலே ஏறி வந்துவிடுவார். அவளைத் தன் பட்டறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த வேறொன்றை இறக்கினார் லிண்ட்னர். அது செல்லோவின் முள்ளெலும்பு மாதிரி இருந்தது. பெட்டியே இல்லை. ஒரு தடித்த மரக்கட்டை, நாலு தந்தி, முழங்காலில் பொருந்த இரண்டு இரும்புக் கைகள், வயர் கொழுவ ஒரு துவாரம். யாரோ இளைஞர்கள் தங்கள் இசைக்குழுவுக்கென்று செய்யச் சொன்னார்களாம். செய்து முடிப்பதற்குள் குழு உடைந்துபோனதாம்.

அதன் அருமை பெருமைகளை அவர் அடுக்கிய அடுக்கில், கல்யாணத் தரகர்கூடத் தோற்றுப்போவார். பெட்டியில்லாததால் உடையாது. சூட்டில் வெடிக்காது, ஈரத்தில் ஊதாது. இரும்புக் கைகளைக் கழற்றினால் ஒரு நீளப் பைக்குள் அடங்கும். ஹெட்போனைக் கொழுவினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்காது. ஸ்பீக்கரைக் கொழுவினால் தெருமுனையில் நிற்பவருக்கும் கேட்கும். நேசமலருக்கு அதில் விளங்கியது ஒன்றுதான்: ஒருவருக்கும் கேட்காது. வாசித்துப் பார்த்துக் குறைகளை வந்து சொன்னால் போதும், வைத்துக்கொள் என்றார் அவர்.

ஹைமில் நேசமலரோடு ஒரே அறையில் இருந்தவள் மங்கையற்கரசி. சங்கானைப் பக்கம். நேசமலரைவிடச் சில வயது மூத்தவள், சைவக்காரி, எதையும் ஒழுங்கு முறைப்படி செய்கிறவள். கணவன் இன்னும் கொழும்பில் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தார். அவள் ஒரு பின்னேரம் அறைக்கதவைத் திறந்தபோது, நேசமலர் தலையில் ஹெட்போனை மாட்டி, அகலப் பாவாடையை விரித்து, ஒரு கட்டையை வில்லால் அறுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் என்று பார்த்தால் அணில் ஓடினால் வருகிற அளவு. நேசமலரின் கண் மூடியிருந்தது, முகத்தில் சிரிப்பு வேறு. மங்கை கதவை மெல்லச் சாத்திவிட்டுக் குசினிக்குப் போய், பிள்ளைக்கு விசர் பிடித்துவிட்டது, ஊரிலிருந்து வந்த கடிதம் கிடிதம் யாராவது கொடுத்தீர்களா என்று விசாரித்தாள்.

பிறகு ஹெட்போனை அவளுடைய காதிலேயே மாட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. மங்கை கேட்டாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "எடி, இது உள்ளுக்குள்ளை பெரிய வீடாக் கிடக்குது" என்றாள். அதற்குப் பிறகு நேசமலர் வாசிக்கும்போது யாராவது அறைக்குள் வந்தால், பிள்ளை வாசிக்குது, சத்தம் போடாதைங்கோ என்று மங்கைதான் விரட்டுவாள். கேட்காத வாத்தியத்துக்கு எதற்கு அமைதி என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் தொலைபேசியைவிட கசெட்தான் வசதி. பேசிப் பதிந்து, வருகிறவர் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். நேசமலர் தான் வாசித்ததையும் ஒரு கசெட்டில் பதிந்து, இது கரண்டில் வேலை செய்கிற வயலின் என்று விளக்கி அனுப்பினாள். மாதங்கள் கழித்து யோசப்பினின் கசெட் வந்தது. முதலில் நீளமான ஒரு மூச்சு, பிறகு குரல்.

"கரண்ட் வயலினாமே. எடி பிள்ளை, ஈரக்கையோடை தொட்டிடாதை. கரண்ட் அடிக்கும். கையை வடிவாத் துடைச்சுப்போட்டுத் தொடு, என்ன? நான் இஞ்சை இழுக்கிறன், நீ அங்கை இழுக்கிறாய். ரண்டு பேரும் இழுத்துக்கொண்டு கிடப்பம்."

ஒரு சின்ன மின்கலத்தில் ஓடும் சாமான், யாரையும் அடிக்காது என்று நேசமலருக்குத் தெரியும். இருந்தாலும் அன்றிலிருந்து வாசிக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் பாவாடையில் துடைத்தாள்.

அடுத்த வருடம் ஒரு காலையில் நடைவழித் தொலைபேசி மங்கையின் பெயரைக் கூப்பிட்டது. அவளுடைய தம்பி படகில் போனவன், படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மங்கை தொலைபேசியைத் தொங்கவிட்டுவிட்டு அந்த இடத்திலேயே விழுந்து வாய்விட்டுக் குழறினாள். மற்றப் பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, நம் வழக்கப்படி சொல்லிச் சொல்லி அழத் தொடங்கினார்கள். செத்தவீட்டில் அழுகை அப்படித்தான் இருக்கும். ஒருத்தி சொல்ல மற்றவர்கள் எடுப்பார்கள், தெருவே அறியும், அறியவும் வேண்டும். இங்கே தெரு அறிந்து பொலிசுக்கு அடித்துவிட்டது.

இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையானவர்கள்தான். யார் யாரை அடித்தது என்று கேட்டார்கள். ஒருவரும் அடிக்கவில்லை என்றதை அவர்கள் நம்பவில்லை. ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் கையையும் பார்த்தார்கள். விஷயம் விளங்கியபிறகு தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொன்னார்கள். ஹவுஸ்மைஸ்டர் கடைசியாக, கவலைப்படலாம், ஆனால் சத்தமில்லாமல் கவலைப்பட வேண்டும் என்றார். இன்னொரு முறைப்பாடு வந்தால் மங்கையை வேறு ஹைமுக்கு மாற்றிவிடுவார்களாம். அரைவாசியில் நின்ற அழுகையோடு மங்கை எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

சாவு விழுந்த துடக்கு வீட்டில் ஒரு மாதம் பாட்டுக் கிடையாது. நேசமலருக்கும் அது தெரியும். வானொலியைக்கூட யாரும் திருப்பவில்லை. ஆனால் அந்த அறையில் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. மங்கை அழாமல், பேசாமல் கிடந்தாள். பார்க்கப் பார்க்க நேசமலருக்குத் தன் அம்மாவின் நினைவு வந்தது, கால் கட்டிலை இடித்து இடித்து ஆடியது. மங்கை நித்திரை என்று நினைத்து ஒரு பின்னேரம் ஹெட்போனை மாட்டினாள், கையைத் துடைத்தாள், வில்லை எடுத்தாள். சற்றுக் கழித்துக் கண்ணைத் திறந்தால் மங்கை எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துடக்கு வீட்டிலை வாசிக்கிறியோ?"

"சத்தம் வரேல்லையே அக்கா."

"கேக்கேல்லை எண்டால் வாசிக்கேல்லை எண்டோ? நானும்தான் சத்தமில்லாமல் கிடக்கிறன். அப்ப எனக்குக் கவலை இல்லை எண்டோ?"

நேசமலருக்கு வெட்கம் வந்தது. வாத்தியத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டு, அந்தக் கையோடு லிண்ட்னரின் பட்டறைக்குக் கொண்டுபோய், இனி வேண்டாம் என்று வைத்தாள். வீட்டில் சாவு, பாட்டுக் கூடாது என்று சொல்ல அவளிடம் ஜெர்மன் போதவில்லை. அவள் சொன்ன 'செத்துப்போச்சு' என்ற சொல்லை அவர் வாத்தியம் பழுதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். உடனே பூட்டிப் பெரிய ஸ்பீக்கரில் கொழுவி வில்லை ஒரே இழுப்பாக இழுத்தார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நேசமலர் பயந்துபோய் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். பொலிஸ் வராதா என்று கேட்டாள் நேசமலர். ஏன் வரும் என்றார் அவர். மத்தியான அமைதி நேரம் முடிந்து இருட்டும்வரை வாத்தியம் வாசிக்கலாம், சட்டத்திலேயே இருக்கிறதே.

அவள் அந்த இடத்திலேயே நின்று யோசித்தாள். பிறகு வாத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கைபிடி வைத்த சிறிய ஸ்பீக்கர் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஹைமுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். மங்கை சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். ஸ்பீக்கரைச் சுவர்ப் பிளக்கில் கொழுவுவதைப் பார்த்ததும் அவளுடைய முகம் கடுத்தது.

"அக்கா, நான் வாசிக்கப்போறன். நீங்கள் அழுங்கோ" என்றாள் நேசமலர். "இது பாட்டில்லை. மறைப்பு."

ராகம், மெட்டு ஒன்றும் வாசிக்கவில்லை. அடித்தந்தியில் வில்லை வைத்து இழுத்தாள். கட்டில் கால்கள் அதிர்ந்தன. மங்கை முதலில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். நேசமலர் சத்தத்தை இன்னும் திருகிக் கூட்டினாள். அப்போதுதான் அடைத்துக் கிடந்தது உடைந்தது. "என்ரை ராசா, உனக்கொரு பெட்டி இல்லாமல் போச்சே" என்று மங்கை நெஞ்சில் அடித்துக்கொண்டு தொடங்க, மற்றப் பெண்கள் கேட்டு வந்து சுற்றியிருந்து எடுத்தார்கள். அவர்கள் உயரப் போனால் நேசமலரும் உயரப் போனாள், தணிந்தால் தணிந்தாள். மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஹவுஸ்மைஸ்டர் பாதிவழியில் நின்று கேட்டார். பிறகு இறங்கிப் போனார். மறுநாள் வாசலில் நேசமலரைக் கண்டு, இந்திய சங்கீதம் நன்றாக இருந்தது, முக்கியமாகப் பாடிய அம்மா என்று பாராட்டினார். நேசமலர் நன்றி சொன்னாள். வேறு என்ன சொல்வது?

சங்கதி பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? முதலில் அதே பட்டினத்தின் மறுகரையிலிருந்த ஹைமில் கேட்டார்கள். பிறகு கொலோனில், பிறகு அதற்கும் அப்பால். ஊரில் யாரோ போய்விட்டதாகச் செய்தி வரும். அழ இடமில்லாமல் ஒருத்தி குளியலறைத் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருப்பாள். அவளுக்காக யாராவது தொலைபேசியில் நேசமலரைக் கேட்பார்கள். கரண்ட் வயலின்காரப் பிள்ளை வருமோ? நேசமலர் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாதவள். முழுச் செல்லோவைச் சுமந்து போனால் முதல் நிலையத்திலேயே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இது நீளப் பைக்குள் அடங்கிவிடும்; மேலே நாலு லீக்ஸ் தண்டைச் செருகிவிட்டால் சந்தைக்குப் போய்வருகிறவள். ஸ்பீக்கரை மங்கை தூக்கிக்கொண்டு கூடவே வருவாள். எந்த வயரை எங்கே கொழுவுவது, சிவப்பு விளக்கு எப்போது எரியும், எவ்வளவு திருகினால் சுவர் அதிரும் எல்லாம் மங்கைக்குப் பாடம்.

ஒருமுறை ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர் பையைத் தொட்டு இது என்ன என்றார். செல்லோ என்றாள் நேசமலர். திறந்து காட்டினாள். அவர் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வயிறு எங்கே என்று கேட்டார். அவளுக்குப் பயத்தில் தெரிந்த ஜெர்மன் எல்லாம் மறந்துபோய்விட்டது. வயிறு இல்லை, அகதி என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, அடையாள அட்டை எதையும் கேட்காமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். மங்கையும் சிரித்தாள். தம்பி போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான் முதல்.

எண்பத்தேழு ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டபோது அவர்கள் இருவருக்கும் இருக்க நேரமில்லை. தொலைபேசிகள் அறுந்துபோய், செய்திகள் தேங்கி நின்று, பிறகு ஒரேயடியாக வந்து விழுந்தன. அறை அறையாக, பட்டினம் பட்டினமாகப் போனார்கள். எல்லாச் சாவும் மத்தியான அமைதி முடியும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. போகிற இடமெல்லாம் குழறுகிற பெண்களின் நடுவில் நேசமலர் மட்டும் அழுததில்லை. கையில் வேலை இருந்தது. கல்நெஞ்சுக்காரி என்று இரண்டொருவர் சொன்னதும் காதில் விழுந்தது. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு: ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழையும்போது அவளுக்கு முதலில் வந்த நினைப்பு, இது என்னுடையதல்ல என்பதுதான். அந்த ஆறுதலுக்காக அவள் தன்னையே வெறுத்தாள். அதை நினைத்துக்கொண்டுதான் கையைத் துடைப்பாள், வில்லை எடுப்பாள்.

அதன்பிறகு யோசப்பினிடமிருந்து ஒரேயொரு கசெட் வந்தது. அதில் பேச்சுக் குறைவு. மூச்சை இழுத்து இழுத்து, நடுநடுவே ஒரு சொல். கறிக்கு உப்புக் குறை, கல்யாணத்துக்குச் சம்மதி, காலை ஆட்டாதே. கடைசியில் வழக்கம்போல ஈரக்கை. நேசமலர் அதை வாத்தியத்தின் ஹெட்போனிலேயே போட்டுக் கேட்டாள். சொற்கள் முடிந்தபிறகும் கசெட் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தான் எது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. பக்கம் முடியும்வரை அந்த இழுப்பு மட்டும் கேட்டது. நேசமலர் முடியும்வரை கேட்டாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒருநாள், லிண்ட்னரிடம் புதுத் தந்தி மாற்றிக்கொண்டு மத்தியானம்போல ஹைமுக்குத் திரும்பினாள் நேசமலர். குசினியில் யாரும் இல்லை. அடுப்பில் சோறு பாதி வெந்தபடி நின்றது. அறைக்கதவைத் திறந்தாள்.

பெண்கள் எல்லாரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவளுடைய கதிரை போடப்பட்டிருந்தது. கதிரையின் மேல் அகலப் பாவாடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மங்கை ஸ்பீக்கரைச் சுவரில் கொழுவிவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆருக்கு?" என்று கேட்டாள் நேசமலர்.

மங்கை அவளுடைய கையிலிருந்த பையை வாங்கினாள். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

மத்தியான அமைதி முடிய இன்னும் நேரமிருந்தது. ஊரார் எத்தனையோ பேருக்குத் தான் சொன்னதை நேசமலர் தனக்கும் சொல்லிக்கொண்டாள்: பொறு, இப்போது சத்தம் போடக்கூடாது. கதிரையில் உட்கார்ந்தாள். வலது கால் ஆடத் தொடங்கியது. மரத்தரையில் அந்தக் கால் தட்டுகிற சத்தம் ஒன்றுதான் அறையில் கேட்டது. அதை நிறுத்த அவள் இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பார்த்தாள்; கையும் சேர்ந்து ஆடியது. எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் கையில் வைத்திருந்துவிட்டுக் குடிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். அம்மாவின் நெஞ்சு அங்கே யார் மடியில் அடங்கியது, நிமிர்த்தி உட்காரவைக்க யாராவது பக்கத்தில் நின்றார்களா என்று கேட்க வாய் வந்தது. வாயைத் திறந்தால் சத்தம் வந்துவிடும் என்று மூடிக்கொண்டாள்.

ஒருவழியாகக் கோயில் மணி கேட்டது. மங்கை தலையாட்டினாள். நேசமலர் பழக்கத்தில் பாவாடையைக் கட்டினாள், வாத்தியத்தை முழங்காலுக்கு நடுவில் வாங்கினாள், வில்லை எடுத்தாள். பெண்கள் அவளுக்காக மெல்லத் தொடங்கினார்கள், "எங்கடை அம்மா" என்று. அவள் இழுத்தாள். கை நன்றாகத்தான் போனது. எல்லாருடைய சாவுக்கும் போன கை, இதற்கும் போனது. அவர்கள் உயரப் போக அவளும் உயரப் போனாள். கண்ணீர் மட்டும் தன்பாட்டில் வடிந்து, தாடையிலிருந்து இடது கையில் சொட்டியது. விரல்கள் தந்தியில் வழுக்கின.

கையைப் பார்த்தாள். இரண்டு கையும் நனைந்திருந்தன.

ஈரக்கையோடை தொட்டிடாதை.

நேசமலர் சுட்டதுபோலக் கையை எடுத்துவிட்டாள். வில் மடியில் விழுந்தது. வாத்தியம் நின்றது, பெண்களின் அழுகை மறைப்பில்லாமல் ஒருகணம் வெளியே கேட்டது, பயந்துபோய் அவர்களும் நிறுத்தினார்கள். அவள் கைகளைப் பாவாடையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மேலே சொட்டிக்கொண்டிருந்தது. "ஈரம் போகுதில்லை அக்கா" என்றாள். "ஈரம் போகுதில்லை."

மங்கை முன்னால் வந்து முழந்தாளில் இருந்தாள். தன் இரண்டு கையையும் சேலைத் தலைப்பில் விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு நேசமலரின் மடியிலிருந்த வில்லை எடுத்தாள். அதை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியாது. அகப்பையைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள்.

"நீ அழு" என்றாள். "நான் இழுக்கிறன்."

அடித்தந்தியில் வில்லை வைத்து இழுத்தாள். சுரமா அது? கரகரத்து, விட்டு விட்டு, அடைத்துக்கொண்டு, மறுபடி திமிறி வந்தது. எவ்வளவு நேரம் கேட்டாலும் அலுக்காமல் கசெட்டில் நேசமலர் கேட்ட அம்மாவின் அதே இழுப்பு. வாத்தியம் நேசமலரின் முழங்கால்களுக்கு நடுவிலேயே இருந்தது. அந்த அதிர்வு தொடையில் ஏறி நெஞ்சுக்கு வந்தது. கால் ஆடவில்லை. மங்கை நிறுத்தாமல் இழுத்தாள், மற்றவர்கள் மறுபடி எடுத்தார்கள். நேசமலர் வாயைத் திறந்து, அத்தனை வருடமும் சேர்த்து, "அம்மா" என்று குழறினாள்.